கைப்பையோடு தட்டெறிந்த அம்மா

கனடாவில் இருந்த அண்ணாவுக்கு எங்கேயிருந்துதான் இந்த யோசனைகள் வருமோ! சண்டைக் காலம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் என்னுடைய ஃபிளாட்டில் காத்திருந்தார். சீனி வியாதி, கட்டாயம் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ மூன்றாம் மாடியை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றார். சிங்களம் தெரியாது, யாராவது மறித்துக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம். இதே வியாதியில்தான் பெரியம்மாவின் காலை எடுத்தார்கள். அம்மாவுக்கும் அப்படி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் அண்ணா, ஊருக்கு வந்த ஒருவரிடம் மஞ்சள் பிளாஸ்டிக் தட்டொன்றைக் கொடுத்தனுப்பினார். அங்கே அதை டிஸ்க் கோல்ஃப் என்று விளையாடுகிறார்களாம். தட்டை எறிந்து, விழுந்த இடத்துக்கு நடந்து, அங்கிருந்து மறுபடி எறிந்து, கடைசியில் ஒரு கூடைக்குள் விழுத்த வேண்டும்.

“நடக்கச் சொன்னா நடக்கமாட்டா. விளையாட்டெண்டு கூட்டிக்கொண்டு போ. ஆனா புதுசாப் பழகிற ஆக்களுக்குச் சரிவாற இடமோ எண்டு முதல் பார்” என்றார் ஃபோனில்.

பார்த்தேன். பெரிய நிபுணி மாதிரிக் கடற்கரையில் மேலும் கீழும் நடந்தேன். முதல் இலக்கு தாழைப் புதர், அடுத்தது கவிழ்ந்து கிடந்த தோணி, கடைசியில் எங்கள் உடுப்புக் கூடை. மணல் மெத்தென்று இருந்தது, விழுந்தாலும் முழங்கால் உடையாது. இளைத்தால் தோணியில் குந்தலாம். ரயில் பாதையோரத்தில் ஆமி காவல் நிற்கிற சென்றி எட்டத்தில்தான் இருந்தது. காலையில் தரைக்காற்று தட்டைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும், ஆகவே பின்னேரம்தான் நல்லது என்று முடிவெடுத்து, என்னுடைய மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் எத்தனை கெஞ்சியும் அசையாத அம்மா, மகன் அனுப்பியது என்றதும் சேலையை உதறிக் கட்டினார். மகன் என்றால் மகன்தான்! தோளில் கைப்பை. அதற்குள் அடையாள அட்டையும், கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டும்.

“பையை என்னட்டத் தாங்கோ அம்மா, எறியக் கஷ்டம்.”

“விசர்க்கதை கதையாதை.”

முதல் எறி காலடியிலேயே விழுந்தது. அடுத்ததைக் கடற்காற்று அப்படியே தூக்கியது. அந்தக் காற்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை! தட்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போய்ச் சென்றியின் மணல்மூட்டையில் மோதி விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆமிக்காரன் எழும்பினான்.

அம்மா இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. பை முழங்கையில் தொங்க, சேலை காற்றில் அடிக்க, அப்படியே நின்றார்.

அவன் தட்டோடு எங்களிடம் வந்தான். மீசைகூடச் சரியாக அரும்பாத பெடியன். அம்மா பதிவுத் துண்டை எடுத்து நீட்டினார். அவன் அதைப் பார்க்கவேயில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சிரித்தான், அம்மாவின் கையில் கொடுத்தான்.

“ஆயெத் தான்ன, அம்மே” என்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“இன்னொருக்கா எறியட்டாம்.”

அந்தப் பெடியன் எந்த ஊரோ, இப்போது இருக்கிறானோ இல்லையோ. அவனைப் பெற்றவள் நல்லாயிருக்க வேணும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். காற்றுக்கு எத்தனை மார்க் குறைத்தாலும், பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அம்மா துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பையைத் தோளில் மாட்டப் போனவர், மாட்டவில்லை.

“இந்தா, இதைப் பிடி” என்று என்னிடம் தந்துவிட்டு, தாழைப் புதரைப் பார்த்துக் கையை ஓங்கினார்.