மாமா வீட்டு டிராக்டரின் கடையாணி

"...கடையாணின்னுதாங்க கேட்டேன். கேட்ட வாய மூடறதுக்குள்ள கடைக்காரரு எடுத்துக் குடுத்துட்டாரு" என்று அத்தை சொன்னபோது நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். அவ்வளவும் பொய். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மாமா அதைக் கேட்டு, தான் சொல்லிக்கொடுத்த பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்ட வாத்தியார் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். கடையில் நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அத்தை என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் அது எத்தனை பெரிய பொய் என்று உங்களுக்கு விளங்கும்.

அரையாண்டு லீவுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் போவதற்குப் பத்து நாள் முன்னால்தான் மாமா காலை உடைத்துக்கொண்டிருந்தார். மழையில் வரப்பு வழுக்கிவிட்டது என்று சொன்னார். எலும்பு முறிவு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய், மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலோடு கிடந்தார். அதே நேரம் பார்த்துக் கரும்பாலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. அதில் போட்டிருக்கிற நாளில் கரும்பு உள்ளே போயாக வேண்டும். தவறினால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ, அதுவரை வெட்டின கரும்பு வெயிலில் கிடந்து காயும். ஒரு வருஷத்து உழைப்பு. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வெட்டு என்பதால் டிரைவரும் கிடைக்கவில்லை. சேற்று உழவுக்கு மட்டும் டிராக்டரில் ஏறிப் பழகியிருந்த அத்தை, "நானே ஓட்டிகினு போறேன்" என்றாள்.

மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஓட்டுகிறதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பெயர்களைப் பற்றித்தான் கவலை.

"வழியில எதுனா ஒடஞ்சா கடைக்காரன்கிட்ட இன்னான்னு கேப்ப? நீட்டமா இருக்குமே, அதுன்னு கையக் காட்டிகினு நிப்பியா?"

இரண்டு நாள் பாடம் நடந்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். மாமாவின் அப்பாவை அந்த வீட்டில் நைனா என்பார்கள். காலமெல்லாம் மாட்டு வண்டி ஓட்டியவர். டிராக்டர் வந்திறங்கிய அன்றைக்கே அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் தன் வண்டியிலிருந்தும் மாட்டிலிருந்தும் பெயர் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் போய்ச் சேர்ந்தாராம். டிரெய்லருக்கு முன்னால் நீண்டு வரும் இரும்புக் கம்பம் ஏர்க்கால். அதைத் தாங்கிக்கொள்ள டிராக்டருக்குப் பின்னால் இருப்பது நுகத்தடி. கலப்பையை மேலிருந்து இழுத்துப் பிடிக்கிற தண்டு திமில். பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும் சங்கிலி தும்பு. ஏர்க்காலின் ஓட்டையும் நுகத்தடியின் ஓட்டையும் ஒன்றுக்குமேல் ஒன்றாக நிற்கும்போது இரண்டையும் ஊடுருவி இறங்குகிற இரும்புதான் கடையாணி; அதை நைனாவே தன் கையால் வெட்டிக் கொடுத்தாராம். அந்தப் பெயர்களை அந்த ஒரு வீட்டைத் தவிர உலகத்தில் வேறு யாரும் சொல்வதில்லை என்பது மாமாவுக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. அவள் சாணி அள்ளிக்கொண்டே "ஏர்க்கால், நுகத்தடி, திமில்" என்று ஒப்பிப்பாள். தப்பினால் நான் தலையில் குட்டலாம் என்று எனக்கு உத்தரவே கொடுத்திருந்தாள்.

ஆர்டர் நாளன்று கரும்பு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் அத்தைக்குப் பக்கத்தில் மட்காடுமேல். திருத்தணி மலை தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினாள். பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். டிராக்டர் திடீரென்று துள்ளி ஓடியது. திரும்பிப் பார்த்தால் டிரெய்லர் எங்களோடு வரவில்லை! ஏர்க்கால் ரோட்டோர மண்ணில் குத்திக்கொண்டு, பாரத்தோடு அப்படியே நிற்கிறது. நல்ல வேளை, பின்னால் யாரும் வரவில்லை. இறங்கி ஓடிய அத்தை மண்ணைக் கிளறி, இரண்டாக ஒடிந்த கடையாணியின் துண்டுகளைக் கண்டுபிடித்தாள். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, டிராக்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு திருத்தணியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். ஆறு மணிக்கு ஆலையின் கேட்டை மூடிவிடுவார்கள்.

கடைவாசலில் நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை நிமிர்ந்து நின்று, "கடையாணி ஒண்ணு குடுங்க" என்றாள்.

"மாட்டு வண்டிக்காம்மா? அதெல்லாம் இங்க வர்றதில்ல" என்றார் கடைக்காரர்.

"டிராக்டருக்குங்க. ஏர்க்காலையும் நுகத்தடியையும் சேக்கறது."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "மாட்ட எங்கக்கா கட்டிட்டு வந்தீங்க?" என்றார். கடையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! நோட்டைப் பிரித்து, எழுதியிருப்பதைப் பாருங்கள் என்று கடைக்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினேன். திமில் வரைக்கும் படித்தார். சிரிப்பு இரண்டு மடங்கானது. அத்தை மாமாவுக்கு போன் போட்டாள். "கடையாணின்னு அழுத்திச் சொல்லுடி" என்று மாமா கத்தியது சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது.

அத்தை போனை வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒடிந்த துண்டுகளைக் கல்லாமேல் நங்கென்று வைத்தாள். "பேரு எதுவோ இருக்கட்டும். இது வேணும்."

கடைக்காரர் அவற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கடப்பாரைத் துண்டும்மா. மேல தலையும் இல்ல, கீழ கிளிப்பு மாட்ட ஓட்டையும் இல்ல. இதப் போட்டுகினா இத்தினி நாளு ஓட்டுனீங்க?"

மாட்டைக் கேட்டுக் கிண்டல் செய்த அதே டிரைவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "குலுங்கக் குலுங்க மேல ஏறிகினே வரும்க்கா. பாதி வெளிய வந்துச்சின்னா பாரம் தாங்காம ஒடிஞ்சிடும். இத மாட்டும்போதுகூட ஆபத்துதான். நழுவிச்சின்னா அந்தக் கம்பம் நேரா கால்மேலதான் வுழும். கொஞ்சம் குனிஞ்சிகினு இருந்தா தலைதான்."

"கால்லன்னா எங்க?" என்று அத்தை கேட்டாள்.

அவர் லுங்கியைத் தூக்கி, முழங்காலுக்கு நாலு விரல் கீழே தொட்டுக் காட்டினார். மாமாவுக்குச் சிம்பு கட்டியிருந்த அதே இடம். அத்தை அந்த மனிதரின் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தது அவளுக்கு அவமானமாகிவிட்டது என்று நான் நினைத்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு குடுங்க. கிளிப்பும் ரெண்டு" என்றாள்.

அதன் பெயர் டிரெய்லர் பின் என்று கடைக்காரர் சொன்னார். சரியான பெயரை எழுதிக்கொள்ள நான் நோட்டைத் திறந்தேன். அத்தை மூடிவிட்டாள். "வேணாம்மா. மாமா பாப்பாரு."

அந்த டிரைவரே ஜாக்கி எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து கம்பத்தைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாவது ரிவர்ஸில் ஓட்டைகள் நேராக நின்றன. பின் இறங்கியது. கிளிப் 'டிக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு அத்தை விட்ட பெருமூச்சு மலைக்கே கேட்டிருக்கும். கேட் மூட அரை மணி இருக்கையில் ஆலைக்குள் போய் டோக்கன் வாங்கினோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அங்கே நாலு பஜ்ஜி தின்றாள். வண்டியைச் சுற்றி வந்த காவலாளி, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "இதோ, பஜ்ஜி தின்னுகினு கீறாரு" என்றாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமா எந்த வரப்பிலும் விழவில்லை என்று அந்தக் கடையிலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. நைனா வெட்டிக் கொடுத்த இரும்பு தன் காலை உடைத்தது என்று சொல்ல மாமாவுக்கு மனசு வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பிடிபட எத்தனையோ வருஷம் ஆனது. அன்று ராத்திரி வீடு திரும்பியதும், அத்தையின் பொய்யைக் கேட்டு, "பாத்தியா, பேரு தெரிஞ்சிகினு போனா இப்டித்தான்" என்று மாமா பெருமைப்பட்டபோது, எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

"ஆங்" என்றாள் அத்தை. கை கால் கழுவிக்கொண்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு, அடிபடாத காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐயோ பாவம், அசதியில் அத்தைக்குக் கால் மாறிப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவளோ, கம்பத்துக்குத் தப்பின அந்த நல்ல காலை முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு இடம் விடாமல் மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டே இருந்தாள்.