பதினோராவது பெட்டி சரிந்த காரணம்

அறுபதுகளின் கடைசியில், துறைமுகத்தில் இறங்கும் யந்திரங்களைச் சரிபார்த்துச் சான்று எழுதும் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. பதினான்கு மரப்பெட்டிகள். அது என்ன செய்யும் என்று வாங்கியவர்களுக்கே சரியாகத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் எடையும் முத்திரையும் தெரியும்.

ராயபுரம் கிடங்கில் பதினோராவது பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. சுமை இறக்கும் ஆட்களின் மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர், என்னை ஓரமாக அழைத்தார்.

“கயிறு வயுக்கிச்சி நைனா. ஒரு மொழம் ஒசரம்தான். நீ பாட்டுக்கு நல்லா கீதுன்னு கையெய்த்து போட்டு, உள்ள ஒடஞ்சி கெடந்தா உன் தலைதான் உருளும். எய்திக்கோ.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே, மேஸ்திரி?”

“எனுக்கு இன்னா ஆவும்? இருவது வர்சமா இங்கதான கீறேன்.”

சேத அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவதுதான் எங்கள் அலுவலக வழக்கம். யார் மீதும் பழி விழாது. நான் பட்டதாரி, அரைகுறைப் பதில் எனக்கு ஆகாது. இறக்கியவர்களின் கைத்தவறு என்று, மேஸ்திரியின் பெயரையும் சேர்த்து, அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். அறிக்கையின் நகல் ஒன்று, மேஸ்திரிக்கு வேலை கொடுத்திருந்த சுமை ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று.

நான்கு நாள் கழித்து, வாங்கியவர்களின் இன்ஜினீயர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். ரப்பர் திண்டுகளுக்கு நடுவே யந்திரம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதற்குள் மேஸ்திரியின் பெயரை ஆள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

மறுப்பு அறிக்கை அனுப்பலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். “சேதம் இல்லேங்கறதுக்கு ஏதய்யா அறிக்கை?” என்றார். அப்படி ஒரு படிவம் இல்லை என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தக்காரரிடம் நேரில் போனேன். “பொட்டி உய்ந்துச்சா இல்லியா சார்? நீங்க எய்தினதுதானே?” என்று என் கையெழுத்தையே காட்டினார்.

மேஸ்திரியின் வீடு கிடங்குக்குப் பின்னால்தான். வாசலிலேயே நின்றிருந்தார்.

“பொட்டி இன்னாச்சி நைனா?”

“ஒண்ணும் ஆகலை, மேஸ்திரி. நல்லா இருக்கு.”

முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நாளிக்கு வேலைக்கு வர்லாம்!” என்றவர், உள்ளே பார்த்து, “ஏ, அந்த காக்கி சட்டைய எட்து வை” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

ஏன் வர முடியாது என்று அவருக்கு விளக்கினேன். விதிகளை என்னைப் போலத் தெளிவாகச் சொல்ல அன்று துறைமுகத்தில் வேறு ஆள் கிடையாது. அவருக்கு எல்லாம் புரிந்தது.