எட்டுக்கு ஒன்று

தம்பானூர் ஸ்டேஷனில் மதராஸ் வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கும் பத்திரிகைக் கட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. நிலக்கரிப் புகையும், மழையில் நனைந்த சணல் கயிறும், சரியாகக் காயாத அச்சு மையும் சேர்ந்த வாடை அது. தேவதாஸ் மாமா அந்தக் கட்டிலிருந்து முதல் பிரதியை வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, சைக்கிளை மிதித்து எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கும்போது, செய்தி வருவதற்கு முன்னால் வாடைதான் வந்து சேரும். பெர்லினில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த அந்த ஆகஸ்ட் மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்த வாடை போகவே இல்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்குத் திருவனந்தபுரம் "கம்பியாபீஸில்" சிக்னலர் வேலை. தந்தி ஆபீஸ் என்று சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் உடனே விளங்காது. கம்பியாபீஸ் என்றால்தான் வழி காட்டுவார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. அம்மாவின் தம்பியான தேவதாஸ் மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மதராஸில் பயிற்சிக்குப் போயிருந்தபோது நிஜமான ஹாக்கி ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர், எங்கள் சந்தைப் பொறுத்தவரை அவர்தான். மற்றவர்கள் எல்லாரும், என் அம்மா உட்பட, ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமலே பைத்தியம் ஆனவர்கள்.

அம்மா நாகர்கோவில் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள். மாமாவைவிட நன்றாகப் படிப்பாள். அதனால் பத்திரிகை வந்ததும் அது அம்மா கைக்குத்தான் போகும். கரமனை அக்ரகாரத்திலிருந்து ஹஜூர் கச்சேரி என்ற அரசாங்கத் தலைமை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கிருஷ்ணய்யர், முக்கில் சாயாக்கடை வைத்திருந்த கேசவன், சந்துப் பிள்ளைகள் என்று பதினைந்து பேராவது முற்றத்தில் கூடிவிடுவார்கள். அம்மா கதவோரம் நின்று, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொல்லுவாள். வாசித்து முடிந்ததும் அந்தத் துண்டை மட்டும் கத்தரித்து, கஞ்சிப் பசை தடவி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பாள். இந்தியா போட்ட கோல்கள் ஹங்கேரிக்கு நாலு, அமெரிக்காவுக்கு ஏழு, ஜப்பானுக்கு ஒன்பது, பிரான்ஸுக்குப் பத்து. எதிராளிகள் ஒருவரும் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒவ்வொரு எண்ணிக்கையைச் சொல்லும்போதும் நாங்கள் போட்ட கூச்சலில் ஸ்டேஷன் கூலிக்காரர்கள் வேலியோரம் வந்து, "எத்தனெ? எத்தனெ?" என்று கேட்டுப் போவார்கள். சந்தில் நாங்கள் தென்னை மட்டையை வெட்டி, காய்ந்த புன்னைக்காயை அடித்து விளையாடினோம். நானும் விளையாடினேன், பெண்பிள்ளை ஆடக்கூடாது என்று சொல்ல வந்தவர்களை மாமா விசில் ஊதி விரட்டினார்.

ஆனாலும் எல்லார் மனத்திலும் ஒரு முள் இருந்தது. பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்னால் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனி நம்மை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்திருந்தது. இறுதி ஆட்டமும் அவர்களோடுதான். "அது வெறும் பயிற்சி ஓய், கணக்குலயே சேராது" என்று கிருஷ்ணய்யர் நாளுக்கு நாலு தரம் சொல்லுவார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எங்களுக்குப் பயம் கூடியது.

மாமாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பள்ளியில் ஹாக்கிக் குழு ஒன்று தொடங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தார். ஃபுட்பால் போதாதா என்று ஹெட்மாஸ்டர் தட்டிக் கழித்து வந்தார். "பெர்லின்ல ஜெயிச்சு வரட்டும் சார், பொறவு நீங்களே சம்மதிப்பீங்க" என்று மாமா எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். ஜெயிக்காவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை என்றுதான் நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்த சனிக்கிழமைப் பத்திரிகையை அம்மா பிரித்தால், அங்கே மழை, ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிவைப்பு என்று இரண்டே வரி. அப்படியானால் ஆட்டம் நேற்றே முடிந்திருக்கும். முடிவுதான் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்திரிகை அச்சாவதில்லை. திங்கட்கிழமைப் பத்திரிகை எங்கள் ஊருக்கு வர செவ்வாய் பிற்பகல் ஆகும். இரண்டு நாள் எப்படிப் பொறுப்பது என்று முற்றத்தில் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் குட்டன் ஓடிவந்தான்.

வழுதக்காட்டில் ஒரு பெரிய வக்கீல் பங்களாவில் குட்டன் சமையல்காரன். அந்தப் பங்களாவில் ரேடியோ இருந்தது. ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ரேடியோக்களில் அது ஒன்று.

"களி கழிஞ்ஞு சாரே!" என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னான். "ஆட்டம் முடிஞ்ஞு போச்சு. நேத்து சாயங்காலம் வக்கீல் சார் ரேடியோ வச்சாரு. நான் ஜன்னல் பக்கத்துல நின்னு காதால கேட்டேன். ஜெர்மனி, எட்டு. இந்தியா, ஒண்ணு."

கேசவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரியாக் கேட்டியாடா?" என்று மாமா கேட்டார். "தெய்வத்தாணே சாரே, எட்டுன்னு கேட்டேன், ஜெர்மனின்னும் கேட்டேன்" என்று சத்தியம் செய்தான் குட்டன். அவனுக்கு இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும் என்பதை அப்போது ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. கிருஷ்ணய்யர் குடையை எடுத்துக்கொண்டு, "எல்லாம் போயிடுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு, அதில் ஏறக்கூட மனமில்லாமல் நடந்து போனார். சந்துப் பிள்ளைகள் தென்னை மட்டைகளை எங்கள் வேலியோரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

இத்தனைக்கும் அப்பா வீட்டுக்குள்ளேதான் இருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. முந்தின நாள் சனிக்கிழமை மாலை அவர்தான் கம்பியில் உட்கார்ந்திருந்தார். யாருக்கோ போகும் பத்திரிகைத் தந்திகள் அவர் காது வழியாகவே போகும். ஆனால் அவரிடம் கேட்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது. கேட்டும் பயனில்லை. "கம்பியில வாற சேதி காதுக்கும் கைக்கும் மட்டும்தான், வாய்க்குக் கிடையாது" என்பது அவருடைய நிரந்தர வாக்கு. அவருடைய சிநேகிதர் ஒருவர் வேறு ஊரில் யாருக்கோ வந்த தந்தியின் சேதியை வாய்தவறிச் சொல்லிவிட்டு வேலையை இழந்து, கடைசிவரை தலையெடுக்கவே இல்லை. எனவே அப்பா முற்றத்துப் பேச்சில் எப்போதுமே கலந்துகொள்ள மாட்டார்.

எல்லாரும் போன பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். காய் நறுக்கும் கத்தியை எடுத்து, அலமாரிக் கதவைத் திறந்து, ஒட்டியிருந்த துண்டுகளில் முதலாவதின் ஓரத்தில் கத்தி முனையை வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா கட்டிலில் சாய்ந்து வேதப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஞானம்" என்றார். அம்மா திரும்பினாள்.

"அதைக் கிழிக்காண்டாம்."

"இனி எதுக்கு இது?"

அப்பா வேதப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "கஞ்சிப் பசையில ஒட்டினது. கிழிச்சா பொறவு ஒட்ட முடியாது" என்றார். சொன்னவர் உடனே எழுந்து, கொல்லைக்குப் போய், காலையில்தான் மழை பெய்து நனைந்திருந்த வாழைக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அம்மா கையில் கத்தியோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கத்தியைக் கீழே வைத்து, அலமாரியைச் சாத்தி, என்னைப் பிடித்து நிறுத்தி, "நீ ஒண்ணும் கேக்கல்ல, ஒண்ணும் பாக்கல்ல. கேட்டியா மக்களே?" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. அப்பாவின் வேலை எங்கள் இருவரின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த இரண்டு நாளும் அம்மா பட்ட பாடு சொல்லி முடியாது. சோகமாக இருக்க வேண்டிய வீட்டில் அவள் வாய் தானாகப் பாடத் தொடங்கிவிடும்; பாடுகிறோம் என்று தெரிந்ததும் இருமுவாள். திங்கட்கிழமை காலையில் மாமா சவரம் செய்யாத முகத்தோடு வந்தபோது அவள் நெய்யப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நாடே தோத்துக் கெடக்கு, உனக்கு நெய்யப்பமாக்கா?" என்றார் மாமா. நெய்யப்பத்தைத் தொடாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஹெட்மாஸ்டருக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதம். ஹாக்கி யோசனையைத் தாமே கைவிடுவதாகவும், இதுவரை தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பள்ளிக்குப் போகும் வழியில் கொடுக்கப் போகிறாராம்.

அம்மா அதை வாங்கிப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மாமா அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு எட்டு என்ன எண்பது கோல் போட்டிருந்தாலும் ஹெட்மாஸ்டர் அதைப் பத்திரமாக எடுத்துப் பூட்டிவைத்துவிடுவார்.

"தேவா, இதை இப்படியே குடுத்தா அவர் சிரிப்பாரு" என்றாள் அம்மா. "மூணு எடத்துல இலக்கணம் தப்பு. மன்னிப்புக்கு ஸ்பெல்லிங்கே சரியில்ல. வச்சிட்டுப் போ, திருத்தித் தாறேன்."

"இன்னைக்கே குடுக்கணும்."

"நாளைக்குக் குடு. தப்பும் தவறுமா மன்னிப்புக் கேட்டா, அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேக்கணும்."

அக்காவின் இங்கிலீஷின்மேல் மாமாவுக்கு இருந்த மரியாதை பெரிது. விட்டுவிட்டுப் போனார். மாலையில் வந்து கேட்டபோது அம்மா திருத்தி வைத்திருந்தாள். ஆனால் அதைப் புதிதாக, நல்ல காகிதத்தில், அவர் கையாலேயே எழுத வேண்டும் என்றாள். எழுதினார். எழுதி முடித்ததை வாங்கிப் பார்த்து, தேதியைத் தவறான பக்கத்தில் எழுதிவிட்டாய் என்று இன்னொரு தரம் எழுதச் சொன்னாள். அதற்குள் பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது. மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் ஏதோ ஆய்வு வேலையாக வெளியே போயிருந்தது கர்த்தர் செய்த உதவி என்று அம்மா பிற்பாடு சொல்லுவாள்.

செவ்வாய் பிற்பகல் மாமா ஸ்டேஷனுக்குப் போக மறுத்துவிட்டார். "எட்டு கோலையும் ஒண்ணொண்ணா வாசிச்சு அழவா? ஹெட்மாஸ்டர் வந்துட்டாரு, நான் கடிதத்தைக் குடுக்கப் போறேன்" என்று பள்ளி மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். பத்திரிகை வாங்க ஒருநாளும் தனியாக ஸ்டேஷனுக்குப் போகாத அம்மா, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பள்ளி விட்டு வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பிளாட்ஃபாரத்தில் கிருஷ்ணய்யர் நின்றிருந்தார். கேசவனும் இருந்தார். வர மாட்டோம் என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வண்டி வந்தது. கட்டு இறங்கியது. ஏஜெண்டு கயிற்றை அறுத்ததும் அம்மா முதல் பிரதியை வாங்கினாள். அப்பா சொன்னது வெறும் பசையைப் பற்றி மட்டும்தானோ என்று அந்த நிமிஷத்தில் ஒரு பயம் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு தரம் புரட்டினாள்.

"வாசிக்க வேண்டாம் அம்மா. எல்லாம் தெரிஞ்சதுதானே" என்றார் கிருஷ்ணய்யர்.

அம்மா தேடிய இடத்தைக் கண்டாள். ஒரு தரம் தனக்குள் வாசித்தாள். பிறகு கதவோரக் குரலில் அல்ல, நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குரலில், பிளாட்ஃபாரத்தின் மறுகோடிக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இந்தியா எட்டு! ஜெர்மனி ஒண்ணு!"

கிருஷ்ணய்யர் பத்திரிகையை அவள் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடியைத் துடைத்து, வாசித்து, மறுபடியும் துடைத்து, மறுபடியும் வாசித்தார். "முதல் பாதியில ஒண்ணே ஒண்ணுதான் ஓய்! மிச்சம் ஏழும் பின்னால!" என்று கத்தினார். கேசவன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தலையில் பெட்டியோடு நின்ற கூலிக்காரர் ஒருவர், யார் பெட்டி என்ன விஷயம் என்று பாராமல் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். யாரோ குட்டனைத் தேடினார்கள். அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அம்மா நிற்கவில்லை. இன்னொரு பிரதி வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். நடுத்தெருவில் அம்மா ஓடுவதை முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் மாமா கையில் கடிதத்தோடு உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்து நின்றிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையை அந்தக் கடிதத்தின்மேல் வைத்தாள். மாமா வாசித்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மைதானத்துக்கு நடுவில் போய், கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதத் தொடங்கினார். ஊதினார், ஊதினார், கண்ணீர் வழிய வழிய ஊதினார். வகுப்பு முடிந்து போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். ஹெட்மாஸ்டரும் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டு, பத்திரிகையை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்து, "எத்தனை மட்டை வேணும் மாஸ்டர்?" என்று கேட்டார்.

மாலையில் அப்பா வேலை முடிந்து வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். நெய்யப்பம் தீர்ந்து இரண்டாம் தரம் மாவு கரைத்தாகிவிட்டது. "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"அத்தான், எட்டுக்கு ஒண்ணு! உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று மாமா பாய்ந்தார்.

"இப்பதானே சொல்லுத" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றியபடி. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பத்தைப் புரட்டிப் போட்டாள்.

அவர்கள் ஒருவரும் இன்று இல்லை. அந்தச் சந்தும் இல்லை. அந்த இடத்தில் லாட்ஜுகள் நிற்கின்றன. கம்பி வழியாக வந்த கட்டுக்கடகட ஒலியைக் கேட்டு எழுத்தாக்கத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். பெர்லினில் சனிக்கிழமை முடிந்துபோன ஆட்டம் எங்களுக்குச் செவ்வாய் பிற்பகல் வரை நடந்துகொண்டே இருந்தது என்று சொன்னால், என் பேரப்பிள்ளைகள் அதை ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன ஒலிம்பிக்கின்போது ஒருநாள் காலையில் டெலிவிஷனில் ஹாக்கி ஆட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். "பாட்டி, இது நேத்து நடந்தது. நம்ம டீம் தோத்தாச்சு. வேற சேனல் வைக்கட்டா?" என்றான்.

"எனக்கு இன்னும் முடியல்ல, நீ போ" என்றேன்.

கடைசி நிமிஷம் வரை நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.