மாத்தறைக்குப் போன கூறைப்புடவை

வியாழக்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது, நம் பார்சல் கந்தோரின் பழைய ஊழியர் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "றெஜினா அக்கா போயிட்டா. உடல் கொட்டாஞ்சேனை வீட்டில." அடுத்த வரியிலேயே ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயோ, நம்மட மாத்தறை அக்காவா!" அந்தப் பட்டப்பெயர் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

முன்மேசையில் அவர் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆள் பார்சல் போகிற ஊரைச் சொன்னதும் திருப்பிக் கேட்பார்: "மன்னார்தானே?" எல்லாம் முடிந்தபின், "வேற ஏதும் இருக்கா?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகவே நின்று ஊர்க்கதை கதைத்துவிட்டுப் போனவர்கள் பலர்.

கணினிக்கு மாறியபோது திரைகளை வடிவமைத்தவன் நான். ஊர்ப் பட்டியலை முதல்நாள் பார்த்ததுமே அக்கா சொன்னார்: "தம்பி, முக்கால்வாசிப் பார்சல் அஞ்சாறு ஊருக்குத்தான் போகுது. அதுகளை மேல வைங்க. இல்லாட்டி ரெண்டு எழுத்து அடிச்சா ஊர் வரட்டும். ஆள் முன்னுக்கு நிக்கேக்க நான் எங்க போய்த் தேடுறது?"

"அகரவரிசைதான் அக்கா முறை. பழகிடும்" என்றேன். படித்த திமிர், வேறென்ன!

பிறகுதான் அந்தக் கூறைப்புடவை. மன்னாருக்குப் போக வேண்டியது மாத்தறைக்குப் போய்விட்டது. மணப்பெண் இரவல் சேலையில் தாலி கட்டிக்கொண்டாள். அவள் தாய் கந்தோருக்கே வந்து, எல்லோர் முன்னிலும் கத்தினார்: "கண் தெரியாட்டி வீட்டில இருங்கோவன்!" அக்கா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மனேஜரிடம் மட்டும், "மன்னாரைத்தான் அமத்தினனான் சேர், என்ட கண்ணால பாத்தனான்" என்றார். யார் நம்பினோம்? அவரை உள்ளறையில் ஸ்டிக்கர் ஒட்ட வைத்தார்கள். அடுத்த கிழமை புதுக் கண்ணாடியோடு வந்தார். பழைய கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம், ஆனாலும் மாற்றியிருந்தார்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்தத் திரையை நானே சோதித்தேன். மன்னாரைத் தெரிவு செய்தேன். கீழேயிருக்கும் பொத்தானுக்குப் போக மவுசின் நடுவிலுள்ள சில்லை உருட்டினேன். பக்கம் அசையவில்லை, பட்டியலில் ஊர்தான் மாறியது. மன்னார், மாத்தளை, மாத்தறை. ஒரு சத்தமும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அன்றைக்கே அதைச் சரிசெய்துவிட்டு, 'சிறு திருத்தம்' என்று குறிப்பில் எழுதினேன். மனேஜரிடம் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அக்கா முன்மேசையில் இருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"சில்லை உருட்டிப் பாத்தேன் தம்பி. இப்ப ஊர் மாறுதில்லையே."

"சின்னத் திருத்தம் ஒண்டு அக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, பார்சல் கொண்டுவரும் எவரிடமும் கேட்பது போலவே கேட்டார்: "வேற ஏதும் இருக்கா?"

என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "இல்லை அக்கா" என்றேன்.

"சரி. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, மீன் அடைத்த தன் மாலு பணிஸில் பாதியைத் தந்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன். ஓய்வு பெறும்வரை நாலு வருஷம் அவர் உள்ளறையில் ஸ்டிக்கர் ஒட்டினார். யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களைக் கெட்டிக்காரத் தம்பி எண்டுதான் சொல்லுவா" என்றார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று நான் செய்யும் எந்தத் திரையிலும் தேடும் பெட்டி மேலே இருக்கும். அடிக்கடி வேண்டிய ஊர்கள் முதலில் நிற்கும். தெரிவு செய்த ஊரைப் பெரிய எழுத்தில் காட்டி, 'சரிதானா?' என்று கேட்கும். எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். அத்தனையும் றெஜினா அக்காவிடமிருந்து எடுத்தது. தயவுசெய்து இனி யாரும் அவரை மாத்தறை அக்கா என்று சொல்லாதீர்கள்.

அவரிடமிருந்து இன்னும் என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி. வேறு ஏதும் இருந்தது, அக்கா. அந்தப் புடவையை மாத்தறைக்கு அனுப்பியவன் நான்.