வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது

வெள்ளவத்தையில், காலி வீதிப் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. சிங்களப் பத்திரங்களைத் தமிழாக்குவேன். ஜே.பி., அதாவது சமாதான நீதவான், என்பதால் சத்தியக் கடதாசி எழுதி முத்திரையும் குத்திக் கொடுப்பேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்றால் கை தன்பாட்டில் வேலை செய்யும். போர்க்காலத்தில் பிடிபட்டவர்களின் வழக்குக் கோப்புகள்தான் ஆளைத் தின்றுவிடும். புதிதாக ஒரு விசாரணைக் குழு என்று செய்தி வந்தால் போதும், பழைய கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்துவிடுவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அலுத்துப் போவதற்குக்கூட அவர்களுக்கு வசதியில்லை.

போன மழைக்காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். கோப்பில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, தடுப்பில் இருந்தபோது அவர் கையெழுத்திட்ட சிங்கள வாக்குமூலம். மற்றது, பிறகு அரசாங்க வைத்தியர் அவருடைய உடம்பைப் பார்த்து எழுதிய அறிக்கை. மனம் விரும்பிச் சொன்னார் என்கிறது முதலாவது. அவரை என்ன பாடுபடுத்தினார்கள் என்பதைத் தழும்பு தழும்பாகச் சொல்கிறது இரண்டாவது. இரண்டிலும் இருப்பது ஒரே அரசாங்கத்தின் முத்திரை. அதைப் பார்த்து ஆச்சரியப்பட்ட காலம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

வைத்திய அறிக்கையைத் தமிழாக்கி, அதில் உள்ளதெல்லாம் தனக்கு நடந்தது என்று அவர் சொல்வதாகச் சத்தியக் கடதாசியும் தயாரித்தேன். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டு நீட்டினேன். எல்லோரும் அந்தப் புள்ளடியைத்தான் பார்ப்பார்கள். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"வாசிச்சுக் காட்டுங்கோ சேர். அண்டைக்கும் கடைசி வரியில இப்பிடித்தான் எழுதியிருந்தவங்கள்."

பழைய வாக்குமூலத்தைப் புரட்டினேன். தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன் என்று கடைசி வரி இருந்தது. நான் தட்டச்சு செய்த கடதாசியின் கடைசி வரியும் அதுவேதான். எங்கள் தொழிலில் அது வழக்கமாகப் போடும் வரி. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் பக்கத்தில் மனைவி இருந்தார். கீழே போய்த் தேத்தண்ணி வாங்கி வரும்படி மனைவியை அனுப்பிவிட்டு, அந்த மனிதர் மெல்லிய குரலில் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். விடுதலையான பிறகு கட்டிய கலியாணம். இரண்டு அடி அடித்தார்கள், அவ்வளவுதான் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவள் வருவதற்குள் வாசித்து முடிக்க வேண்டும் என்றார்.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு தழும்புகளைக் கவனமாகக் கேட்டார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். நான் வசனத்தை முடிக்க முன்பே "ஓம்" என்றார். அடுத்ததற்கும் ஓம். அதற்கடுத்ததற்கும் ஓம். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை. கடதாசியைக் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் போலிருந்தது. போகவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தேன்.

"இடது உள்ளங்காலில் நீளவாக்கில் மூன்று தழும்புகள்."

"ஓம்."

"இடது இல்ல சேர், வலது."

மனைவி கதவடியில் நின்றார். ஒரு கையில் நனைந்த குடை, மறு கையில் தேத்தண்ணிப் பை. வைத்தியர் இடது என்றுதான் எழுதியிருக்கிறார், அரசாங்கப் பத்திரத்தை நான் திருத்த முடியாது என்றேன்.

"டொக்டர் ஒரு தரம் பாத்தவர். நான் ஒவ்வொரு நாளும் எண்ணெய் பூசுறனான்."

கணவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. மனைவி அவரைப் பார்த்து, வலது என்று தெரிந்தும் ஏன் ஓம் என்றீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஓம் எண்டா கெதியா விட்டிடுவாங்கள்," என்றார்.

கேட்டதும் எனக்குக் கண்ணைக் கரித்தது. கீழே பஸ்காரன் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். வைத்தியர் காலை மாற்றி எழுதியிருப்பதாகச் சத்தியக் கடதாசியில் தனியாக ஒரு பந்தி சேர்க்கலாம் என்றேன். கணவர் தலையாட்டினார்.

"முதல்ல இருந்து வாசியுங்கோ சேர்," என்றார். "இவ இருக்கட்டும்."