பிளக்கில் வைத்த பொட்டு

கார் வாங்கிப் பதினெட்டு வருடமாகியும் அதன் பானட்டை நான் என் கையால் திறந்தது மூன்றோ நான்கோ தடவைதான் இருக்கும். அதிலும் ஒரு தடவை மூடத் தெரியாமல் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். ரயில்வே ஆபீசில் முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு மாரடித்தவன் நான். கழற்றி மாட்டத் தெரிந்த ஒரே பொருள் பேனா மூடி.

அப்படிப்பட்டவன் கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், துர்கா பூஜை விடுமுறை முழுக்க முட்டி தேயக் குனிந்து கிடந்ததற்குக் காரணம் என் மகள்.

அவளுக்கு வேலையும் வீடும் ஊரின் மறுகோடியில், நியூ டவுனில். மருமகன் ஆபீஸ் வேலையாக வெளிநாடு போயிருந்தார். குழந்தை பிறக்கிற வாரத்தில் வந்துவிடுவதாக ஏற்பாடு. ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் அவள் இங்கேயே தங்கியிருக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆபீஸ் விடவில்லை. அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது வண்டி மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது இடம் மேம்பாலத்தின் உச்சி. பின்னால் வந்த பஸ்காரன் என் பரம்பரையையே வங்காளியில் விசாரித்தான். கை நிறைய வளையலோடு அவள் வெயிலில் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். போனில் வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டாள்.

சொல்ல வேண்டியதை ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது சொன்னாள். "நான் இங்கேயே இருந்துக்கறேன்ப்பா. ஆஸ்பத்திரி அடுத்த தெருவுல இருக்கு. அங்க வந்து, பூஜை கூட்டத்துல வலி எடுத்து, உங்க வண்டி நடுரோட்ல நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

என் மனைவி அன்று சாப்பிடவில்லை. முதல் பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வரமாட்டேன் என்றால் எந்த அம்மாவுக்குச் சோறு இறங்கும்? நான் போனை வாங்கி, "விஜயதசமிக்குள்ள வண்டியைச் சரி பண்ணிக் காட்டறேன், அப்ப வருவியா?" என்றேன். "ஒழுங்கா ஓடினா வரேன்" என்றாள்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மெக்கானிக்கைத் தேடிப் போனால் பட்டறைக்குப் பூட்டு. பூஜைக்கு ஊருக்குப் போயிருக்கிறான், தசமி முடிந்து பௌர்ணமியில் வருகிற லட்சுமி பூஜை கழித்துத்தான் வருவான் என்றார்கள். வேறு பட்டறைகளிலும் அதே கதைதான். கல்கத்தாவில் பூஜையின் ஐந்து நாளில் உயிரைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது, பழுது பார்க்க ஆள் கிடைக்காது.

கடைகள் மூடுவதற்குள் ஓடிப்போய் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக், ஒரு பிளக் ஸ்பேனர் எல்லாம் வாங்கிவந்தேன். காரோடு வந்த புத்தகத்தை முதன்முறையாகப் பிரித்தேன். போனில் இருபது வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆயில் அடக்க ஒடுக்கமாகத் தட்டில் விழுந்தது. எனக்கு முழங்கை வழியாக அக்குளுக்குள் போனது.

சப்தமியன்று ஆயில். அஷ்டமியன்று பழைய பிளக்குகளைக் கழற்றினேன். கரி பிடித்து, தாளித்து மறந்த கடுகு போல இருந்தன. வயர் எது எங்கே என்று மறந்துவிடாமல் ஒன்று, இரண்டு என்று காகிதம் ஒட்டிவைத்தேன். பழைய பிளக்குகளை வீராவேசமாகக் குப்பை வண்டியில் போட்டேன். மாடிவீட்டு வங்காளிக்காரர், எங்களுக்கு அவர் தாதா, அதாவது அண்ணன், பால்கனியில் தேநீரோடு நின்று, "கீ தாதா, ஹோபே?" என்று கேட்டார். நடக்குமா என்று அர்த்தம். "ஹோபே, ஹோபே" என்றேன். எனக்கே நம்பிக்கை வந்திருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் நவமி. அவர்களுக்கு துர்கா பூஜை, எங்களுக்கு ஆயுத பூஜை. அன்று கருவிகளைத் தொட்டு வேலை செய்யக்கூடாது. மனைவி ஸ்பேனர், அரிவாள்மணை, தையல் மிஷின், என் கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டிட்டாள். புது பிளக் நான்கையும் வாழையிலையில் அடுக்கினேன். பொட்டு நானே வைத்தேன். பீங்கான் வயிற்றில் ஒன்று, பொறி பறக்கிற நுனியில் ஒன்று. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் அன்று கண்ணை மூடியபோது, என் பெண் வழியில் நிற்காமல் வீடு வந்து சேரவேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு பிளக்குகளை எடுத்தேன். சந்தனம் காய்ந்திருந்தது. ஊதினேன், உதிர்ந்தது போக மிச்சம் நுனியின் இடுக்கில் இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன், கை வரவில்லை. நிறைமாதப் பெண்ணை அழைத்துவரப் போகிற நாளில் குங்குமத்தை அழிப்பதா? இருந்துவிட்டுப் போகட்டும், இன்ஜினுக்கும் கொஞ்சம் சாமி துணை வேண்டாமா என்று அப்படியே மாட்டிவிட்டேன்.

சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பியது. கிளம்பியதா அது? குளிர்ஜுரக்காரன் மாதிரி உடம்பெல்லாம் உதறி, இரண்டு தும்மல் தும்மி நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி உதறல். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வயர் எல்லாம் எண்படி சரியாகத்தான் இருந்தன. பழைய பிளக்காவது நியூ டவுன் வரை நின்று நின்றேனும் போயிருக்கும், அதையும் தூக்கி எறிந்தாயிற்று. ஸ்பேனரைத் தரையில் வீசினேன். அது துள்ளி என் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது.

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். பட்டுப்புடவை கட்டிப் புறப்படத் தயாராக இருந்தாள். "ஏங்க, நேத்து பொட்டு வச்ச பிளக்கை அப்படியேவா மாட்டினீங்க?"

"பின்ன, இன்னிக்குப் போய் குங்குமத்தை அழிக்கச் சொல்றியா?" என்று கத்தினேன். என் பயத்தை அவள்மேல் கொட்டினேன் என்பதுதான் உண்மை.

அவளுக்கும் பயம்தான், முகத்தில் தெரிந்தது. பிறகு கையை நீட்டினாள். "கழட்டிக் குடுங்க. சாமிக்கு வச்ச பொட்டு சாமிக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப அதுல இருக்கறது அழுக்கு."

கழற்றிக் கொடுத்தேன். என் பழைய வேட்டித் துணியும் பெட்ரோலும் ஒரு தேய்ந்த பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். துணி சிவந்துகொண்டே வந்தது. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. மூன்று பிளக்கைத் துடைத்துவிட்டு நான்காவதை என்னிடம் தந்தாள். "இதை நீங்க பண்ணுங்க. தப்புன்னு மனசுல வச்சுக்காம பண்ணுங்க." பண்ணினேன். இடுக்கில் ஒரு புள்ளி சிவப்புக்கூட விடவில்லை.

இந்த முறை சாவியைத் திருப்பியபோது வண்டி சீராக முனக ஆரம்பித்தது. உதறல் இல்லை. மாடியிலிருந்து தாதா கை தட்டினார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளம்புங்க, ராகுகாலம் வந்துடும்" என்றாள், இவ்வளவு நேரம் தாமதம் செய்தது நான்தான் என்பதுபோல. நான்தானே.

நியூ டவுனில் மகள் பெட்டியில்லாமல் கீழே வந்தாள். வண்டியை அணைக்கப் போனேன். "அணைக்காதீங்கப்பா. ஏசியைப் போட்டு அப்படியே ஓட விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். என் ஆபீசில் எந்த மேலதிகாரியும் அவ்வளவு நேரம் என்னைச் சோதித்ததில்லை. கால் மணி நேரம் கழித்து, "பெட்டி மேல இருக்கு" என்றாள். மனைவி லிஃப்டுக்கு ஓடினாள்.

திரும்பும்போது பைபாஸில் மாட்டிக்கொண்டோம். முன்னால் சிலையைக் கரைக்கக் கொண்டுபோகிற லாரி, அதன் பின்னால் தாக் மேளம் அடித்துக்கொண்டு ஒரு தெருவே ஆடிக்கொண்டு போனது. முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். இன்ஜின் சத்தத்தைத் தவிர என் காதில் எதுவும் விழவில்லை. அது நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். என் சட்டைக் கையிலிருந்த ஆயில் கறையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எத்தனை மணிக்கு வலி எடுத்தாலும் உங்களைத்தான்ப்பா எழுப்புவேன். சாவியைத் தலைமாட்டுல வச்சுட்டுப் படுங்க."