வேட்பாளருக்கு வாங்கிய மாலை

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து, அங்கேயே ஆங்கில ஆசிரியையானவர். எண்பதுகளின் நடுப்பகுதியில் அத்தானை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் லண்டன் நோர்பரிக்கு வந்தார். கிழமை நாட்களில் முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் ஷிப்ட். சனிக்கிழமைகளில், தேவாலய மண்டபத்துப் பின்னறையில் எங்கள் ஆட்களுக்கென அவர் தொடங்கிய ஆலோசனை நிலையம். அதற்குச் செயலாளர் நான். பயப்படுவதற்கும் ஒருவர் வேண்டுமென்று என்னைச் சேர்த்திருக்க வேண்டும்.

அங்கு வந்த தாய்மார் எல்லோருக்கும் ஒரே குறைதான்: ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்வது விளங்குவதில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை எடுத்துச் சொல்ல ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. மக்கள் படும் பாட்டை விசாரிக்கலாம், அச்சிடலாம், எல்லோரையும் கூட்டிச் சொல்லலாம். ஆனால் ஒரு சட்டத்துக்கு வாக்களிக்கும்படி எம்.பி.மாரை நெருக்கவோ கட்சிக்கு ஆதரவு தேடவோ கூடாது என்றது அதன் கடிதம். மீறினால் உதவி நிற்கும், நிலையமும் மூடப்படும். நான் அதை ஏழுதரம் வாசித்துவிட்டு, மறியலில் போட்டால் சிறைச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று விசாரித்தேன். அக்கா ஒருதரம் வாசித்துவிட்டு, வீடு வீடாகப் போய்த் தாய்மார் சொன்னதை எழுதி ஓர் அறிக்கையாக்கினார்.

அந்த அறிக்கையை வெளியிட்ட கூட்டம் தேர்தல் நேரத்தில் வந்தது. மூன்று கட்சி வேட்பாளர்களையும் அக்கா அழைத்திருந்தார். முன்வரிசையில், அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட அறக்கட்டளை அம்மையார். வேட்பாளரில் ஒருவர் என் விசாவுக்குக் கடிதம் எழுதித் தந்தவர். அவரை வெறுங்கழுத்தோடு இருத்தலாமா? அவருக்கென்று ஒரு ரோசாப்பூ மாலையோடு போனேன். வாசலிலேயே அக்கா கண்டுவிட்டார்.

“தம்பி, உந்த மாலையை அவருக்குப் போட்டாயெண்டால், இந்தப் பெண்டுகள் சொல்லப்போறதெல்லாம் அவரின்ரை தேர்தல் பேச்சாப் போயிடும்.”

நான் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். “எல்லாரும் கண்டிட்டினம். இப்ப என்னக்கா செய்யிறது?”

“நீயே போட்டுக்கொண்டு இரு.”

இருந்தேன். மூன்று வேட்பாளரும் வரிசையாக வந்து எனக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். எதற்கென்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு ஒரு தாய் எழுந்தார். “டொக்டர் கேட்டதுக்கெல்லாம் யெஸ், யெஸ் எண்டன். கர்ப்பப்பையை எடுக்கிறதுக்கும் யெஸ் எண்டிருக்கிறன். முழிச்சாப் பிறகுதான் தெரியும்.”

அக்கா ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பிறகு, இதைச் செய்யுங்கள் என்றோ இவருக்கு வாக்குப் போடுங்கள் என்றோ ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாயைக் கூப்பிட்டார். மூன்று கட்சிக்காரரும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். உடன்பிறந்தவள்தானே என்று அதுவரை சாதாரணமாகப் பார்த்த அக்காவை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஒரு வருடம் போக, ஆஸ்பத்திரி தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நியமித்தது.

கடைசி நாட்களில் அக்கா அங்கேதான் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர். ஒப்பரேஷன் பற்றி டொக்டர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல, அந்த அம்மா, “யோசிக்க ஒரு நாள் வேணும் எண்டு சொல்லு பிள்ளை” என்றார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. நானறிய அது முதல்தரம்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக்கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் நினைவுச் சமையலைப் பொறுப்பெடுத்த நண்பர்களுக்கும், அறக்கட்டளை அம்மையாருக்கும், அன்று எழுந்து பேசிய தாய்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் கேட்க மறந்துபோன அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் நன்றி. மறுநாள் காலை அவர் டொக்டரை நிறுத்தி வைத்து மூன்று கேள்வி கேட்டார். அதைக் கேட்கும்வரை அக்கா எங்களோடு இருந்தார்.